பாட்டியின் இடுப்பு முறிவதற்கு முன்னால்

வயதானவர் விழுந்தால் "இடுப்பு முறிஞ்சு போச்சு" என்கிறோம். பெரும்பாலும் முறிவது தொடை எலும்பின் மேல்முனை, அது இடுப்போடு பொருந்தும் இடம்.

வயதுதானே காரணம், நாம் என்ன செய்ய முடியும்? ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகி மெலிவது) வயதோடு வருவது உண்மைதான். ஆனால் அநேகமாக எல்லா முறிவும் ஒரு விழுகையில்தான் நடக்கிறது. நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தால் போதும்.

எங்கே விழுகிறார்கள்? குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. முற்றமும் கிணற்றடியும் பாசி பிடித்துக் கிடக்கும். பழைய வீடுகளில் கக்கூஸ் வெளியே இருக்கும். பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேயுங்கள். கக்கூஸுக்குப் போகும் வழியில் ஒரு பல்பு, உள்ளே சுவரில் ஒரு கைப்பிடி. இவை இரண்டும் எந்த டானிக்கையும் விட முக்கியம். கண்புரை இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரையும் தள்ளிவிடுமா? தூக்க மாத்திரையும் சில பிரஷர் மாத்திரைகளும் எழுந்ததும் தலைசுற்றலைத் தரும். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பாடு? இரவில் கஞ்சியும் துவையலும் மட்டும் என்றால் தசைக்குப் போதாது. கஞ்சியோடு சிறுபயறு சேருங்கள். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியம் (எலும்புக்கான சத்து) கிடைக்கும். சைவர்களுக்கு மோரும் கேழ்வரகும் உண்டு. பீடியும் குடியும் எலும்பை அரிக்கும். குடி ஆளையும் சாய்க்கும்.

"வயசாச்சுல்லா, சும்மா இருங்கம்மா" என்று பாசத்தோடுதான் சொல்கிறோம். அதுதான் பெரிய கெடுதல். நடக்காத காலில் பலம் நிற்காது. காலை வெயிலில் தெருக்கோடி வரையாவது கூட்டிப் போங்கள்.

விழுந்துவிட்டால்? ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் முறிவென்றே எண்ணுங்கள். நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். நாட்டு வைத்திய ஆசானிடம் கட்டுப் போடலாமே என்று தோன்றும். கை முறிவுக்குக் கட்டுப் போட்டுக் குணமானவர்களைப் பார்த்த ஊர் இது. ஆனால் இந்த இடத்தை வெளிக்கட்டு அசையாமல் பிடித்து வைக்காது; எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமும் அறுந்திருக்கலாம். வாரக்கணக்கில் படுத்தால் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் உயிரையே வாங்கும்.

108-ஐ அழையுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஓரிரு நாளில் ஆபரேஷன் நடப்பது நல்லது. காப்பீட்டு அட்டையோடு, அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை அதில் இருந்தால் டாக்டருக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.