முதலாம் வகுப்பறை: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு பிள்ளை தனது ஆறாவது வயதை நிறைவுசெய்யும் ஆண்டின் செப்ரெம்பர் மாதத்தில் முதலாம் வகுப்பில் சேர்கிறது. இதற்கு முந்திய கனிட்ட, சிரேட்ட பாலர் வகுப்புகளுக்குச் செல்வது கட்டாயமன்று. ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை பாடசாலைக்குச் செல்வது சட்டப்படி கட்டாயமாகும். எனவே, முதலாம் வகுப்பு பிள்ளையின் முறையான கல்வியின் வாசற்படி எனலாம். தாயகத்தில் நாம் கண்ட முதலாம் வகுப்புக்கும் இங்குள்ள வகுப்பறைக்கும் வேறுபாடுகள் பல உள்ளன. அவற்றை அறிந்திருந்தால் தேவையற்ற கவலைகளைத் தவிர்க்கலாம். உண்மையில் கவனிக்க வேண்டியவற்றைக் காலந்தாழ்த்தாது கவனிக்கவும் முடியும்.

வகுப்பறையின் அமைப்பு

பாலர் வகுப்பில் ஆசிரியருடன் சிறுபராயக் கல்வியாளர் ஒருவரும் பணியாற்றுவார். கற்றல் பெரும்பாலும் விளையாட்டின் வழியே நடைபெறும். முதலாம் வகுப்பில் பொதுவாக ஓர் ஆசிரியரே இருப்பார். அமர்ந்திருந்து கேட்கும் நேரமும் எழுதும் நேரமும் கூடும். முதலாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை எந்த வகுப்பிலும் 23 மாணவருக்கு மேல் இருத்தலாகாது. ஒரு கல்விச்சபையின் இத்தகைய வகுப்புகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு வகுப்புகளில் 20 பேருக்கு மேற்படாதிருத்தல் வேண்டும்.

மாணவர் தொகையைப் பொறுத்து முதலாம், இரண்டாம் வகுப்பு மாணவர் ஒரே அறையில் கற்பதும் உண்டு. இத்தகைய இணைந்த வகுப்பில் உங்கள் பிள்ளை இடம்பெற்றால் அது தண்டனையுமன்று, பரிசுமன்று. ஒவ்வொரு வகுப்பினரும் தத்தமக்குரிய பாடத்திட்டத்தையே கற்பர்.

ஒரே நாட்காட்டி ஆண்டில் பிறந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்படுகின்றனர். இதனால் சனவரியில் பிறந்த பிள்ளையும் திசெம்பரில் பிறந்த பிள்ளையும் அருகருகே அமர்ந்திருப்பர். ஆறு வயதில் பதினொரு மாத இடைவெளி சிறியதன்று. அயலவர் பிள்ளையோடு உங்கள் பிள்ளையை ஒப்பிடுமுன் இதனை எண்ணிப் பாருங்கள்.

என்ன கற்பிக்கப்படுகிறது?

பாடநூலும் தவணைப் பரீட்சையும் இல்லாமையால், பிள்ளை எதையும் படிப்பதில்லை என்று பெற்றோர் சிலர் எண்ணுவதுண்டு. ஆனால், மாகாணம் முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டம் ஒன்று உள்ளது. ஆசிரியர் அன்றாட வேலைகளையும் உரையாடல்களையும் அவதானித்தே பிள்ளையை மதிப்பிடுகிறார்.

கணிதத்தில் 50 வரையான எண்களை வாசித்தல், 10 வரையான கூட்டல் கழித்தல்களை மனத்தில் இருத்துதல், கனேடிய நாணயங்களையும் தாள்களையும் இனங்காணல் முதலியன இடம்பெறுகின்றன. கடைக்குச் செல்லும்போது சில்லறையை எண்ணச் செய்வதும் உணவு மேசையில் கோப்பைகளை எண்ணி வைக்கச் செய்வதும் நல்ல பயிற்சிகளாகும்.

மொழிப் பாடத்திட்டம் 2023 இல் புதுப்பிக்கப்பட்டது. முன்னர் பிள்ளைகள் படத்தையும் முன்பின் சொற்களையும் கொண்டு ஒரு சொல்லை ஊகிக்குமாறு ஊக்குவிக்கப்பட்டனர். 2022 இல் வெளியான ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையத்தின் வாசிப்பு உரிமை பற்றிய அறிக்கை அம்முறையின் குறைகளை எடுத்துக்காட்டியது. இப்போது எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு ஒழுங்குமுறையாகக் கற்பிக்கப்படுகிறது.

இவ்விடத்தில் தமிழறிந்த பெற்றோர் ஒன்றைக் கவனித்தல் நன்று. தமிழில் எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. ஆங்கிலத்தில் அவ்வாறன்று. பூனையைக் குறிக்கும் ‘கற்’ என்னும் சொல்லிலும் ‘கேக்’ என்னும் சொல்லிலும் ஒரே உயிரெழுத்து வெவ்வேறாக ஒலிக்கிறது. எனவே ‘ஏ, பீ, சீ’ என எழுத்துகளின் பெயர்களை ஒப்புவித்தால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது. ‘பீ’ என்பது எழுத்தின் பெயர்; பிள்ளைக்கு வேண்டியது அதன் ஒலி. புள்ளி வைத்த மெய்யெழுத்தை எப்படி உயிரொலி சேர்க்காது உச்சரிக்கிறோமோ, அப்படியே அவ்வொலிகளையும் சொல்லிக் காட்டுங்கள்.

வாசிப்பில் இடர் தெரிந்தால்

2023–24 கல்வியாண்டு முதல் சிரேட்ட பாலர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர் அனைவருக்கும் ஆரம்ப வாசிப்புச் சோதனை நடத்தப்படுகிறது. இது பரீட்சையன்று, யாருக்கு மேலதிக உதவி தேவை என்பதை முன்கூட்டியே அறியும் வழி. இதன் பெறுபேறு பெற்றோருக்கு அறிவிக்கப்படும். விளங்கவில்லையெனில் ஆசிரியரிடம் கேளுங்கள்.

‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதே பெற்றோர் செய்யும் பெரிய தவறு. வாசிப்புக்கான உதவி எவ்வளவு முந்திக் கிடைக்கிறதோ அவ்வளவு பயன்தரும். மூன்றாம் வகுப்புக்குப் பின் ஏனைய பாடங்களையும் வாசித்தே கற்கவேண்டியிருப்பதால், ஓரிடத்தில் ஏற்பட்ட பின்னடைவு எல்லாவற்றையும் பாதிக்கும்.

முதலில் கண்களையும் செவிகளையும் பரிசோதிப்பியுங்கள். 19 வயதும் அதற்குட்பட்டோரும் ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்வதற்கான செலவை மாகாண மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. பலகையிலுள்ள எழுத்துத் தெளிவாகத் தெரியவில்லை என்பதைப் பிள்ளை தானாகச் சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என அது நினைத்திருக்கும்.

பார்வையும் செவிப்புலனும் சீராக இருந்தும் இடர் தொடருமாயின், விசேட கல்வி உதவி பற்றி ஆசிரியரிடமும் அதிபரிடமும் பேசுங்கள். உங்கள் பிள்ளையின் தேவைகளை இனங்காணும் குழுவின் முன் வைக்குமாறு நீங்கள் எழுத்து மூலம் கேட்டால், அதிபர் அதனை மறுக்க முடியாது. இதனால் பிள்ளைக்கு ‘பெயர்’ வந்துவிடும் என்ற அச்சம் நம்மிடையே உண்டு. உதவியின்றித் தவிக்கும் பிள்ளை தன்னைத்தானே மக்கு என எண்ணத் தொடங்குவது அதனினும் பெரிய கேடாகும்.

வீட்டில் தமிழ்

பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்குகிறது என்று எண்ணி வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடாதீர்கள். தாய்மொழியில் கதை கேட்டுச் சொல்வளம் பெற்ற பிள்ளை, அந்த அறிவை இரண்டாம் மொழிக்கும் கொண்டு செல்கிறது. பெற்றோர் தமக்கு இயல்பாக வராத மொழியில் பேசத் தொடங்கினால், வீட்டில் நடக்கும் உரையாடலே சுருங்கிவிடும். அம்மம்மா சொல்லும் கதையும் வாசிப்புக்கான ஆயத்தமே. ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கான உதவி பாடசாலையிலேயே உண்டு. கனடாவில் பிறந்த பிள்ளையும் தேவையிருப்பின் அதனைப் பெறலாம்.

தேர்ச்சி அறிக்கையை விளங்கிக்கொள்ளல்

ஆண்டுக்கு மூன்று அறிக்கைகள் கிடைக்கும். இலையுதிர்காலத்தில் வருவது முன்னேற்ற அறிக்கை. அதில் தரப் புள்ளிகள் இல்லை. குளிர்காலத்தில் முதலாம் தவணை அறிக்கையும் சூன் மாதத்தில் இரண்டாம் தவணை அறிக்கையும் ‘ஏ’ முதல் ‘டி’ வரையான தரங்களுடன் வரும். ‘பி’ என்பது மாகாணம் எதிர்பார்க்கும் தரத்தைப் பிள்ளை அடைந்துள்ளது எனப் பொருள்படும். அதனைக் கண்டு பிள்ளையைக் கடிந்துகொள்வது முறையன்று.

அறிக்கையின் முதற்பக்கத்தில் பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, தனித்து இயங்கல், கூடிப் பணியாற்றல், முன்முயற்சி, தன்னடக்கம் ஆகிய ஆறு பண்புகளும் மதிப்பிடப்படும். பலர் அப்பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். முதலாம் வகுப்பில் அதுவே முக்கியமான பக்கம் எனலாம்.

ஆசிரியருடன் பேசுதல்

ஆசிரியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்பது நம்மிற் பலர் வளர்ந்த முறை. இங்கே பெற்றோரின் மௌனம் மரியாதையாகக் கொள்ளப்படுவதில்லை; கவலை எதுவும் இல்லை என்றே கொள்ளப்படும். பெற்றோர் சந்திப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடங்களே. ஆகையால் மூன்று கேள்விகளை எழுதிச் செல்லுங்கள்: என் பிள்ளை எதனை நன்றாகச் செய்கிறது? எதில் இடர்ப்படுகிறது? வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையெனின் சந்திப்புக்குச் சில நாட்கள் முன்னரே பாடசாலை அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளையையோ அதன் அண்ணன், அக்காவையோ மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தன் குறையைத் தானே மொழிபெயர்க்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது. பல பாடசாலைகளில் புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவும் குடியேற்றப் பணியாளரும் உள்ளனர்.

வீட்டில் செய்யக்கூடியவை

• ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிடம் சேர்ந்து வாசியுங்கள். எந்த மொழியாயினும் நன்று. உங்களுக்கு நேரமில்லாத நாளில் தாத்தா, பாட்டி வாசிக்கலாம்.

• பொதுநூலக அட்டை இலவசம். ரொறன்ரோ பொதுநூலகத்தின் சில கிளைகளில் தமிழ் நூல்களும் உள்ளன.

• புத்தகப்பையை ஒவ்வொரு மாலையும் திறந்து பாருங்கள். பாடசாலையின் அறிவித்தல்கள் அதற்குள் இருக்கும்.

• பனிக்கால மேலங்கி, காலணி, கையுறை ஆகியவற்றைத் தானே அணியப் பழக்குங்கள். இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரால் அணிவிக்க முடியாது.

• உணவு ஒவ்வாமை இருந்தால் முதல்நாளே பாடசாலைக்கு எழுத்து மூலம் அறிவியுங்கள். தடுப்பூசிப் பதிவுகளைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்குச் சமர்ப்பியுங்கள்.

• தாயகப் பயணங்களை விடுமுறைக் காலத்தில் அமைத்துக்கொள்ளுங்கள். எழுத்தொலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கற்பிக்கப்படுவதால், இடையில் மூன்று வாரம் விடுபட்டால் மீண்டும் இணைவது கடினம்.

பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும் ‘இன்று என்ன படித்தாய்?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். ‘இன்று யாருடன் இருந்து சாப்பிட்டாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்த விடையிலிருந்து வகுப்பறையின் கதை முழுவதும் மெல்ல வெளிவரும்.