ஒரு அவசர சட்டம், 1.70 லட்சம் பேர் டிஸ்மிஸ்!

கோட்டையும் குமாஸ்தாவும் மோதிய 2003 ஜூலை

சென்னை மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்பித் தள்ளுகிற சிலை. சிற்பி ராய் சவுத்ரி செய்தது. 1959-ல் அங்கே வைக்கப்பட்டது.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது எழிலகம். அரசாங்க ஆபீசுகள் நிறைந்த கட்டிடம். தினமும் காலையில் சேப்பாக்கம் பறக்கும் ரெயில் நிலையத்தில் இறங்கி, டிபன் பாக்சும் கையுமாக ஊழியர்கள் விறுவிறு என்று நடந்து வருவார்கள்.

2003-ம் ஆண்டு ஜூலை 2-ந்தேதி, புதன்கிழமை. அன்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகவில்லை. தமிழ்நாடு முழுவதும் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் காலவரையற்ற வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள்.

அடுத்த சில நாட்களில், இந்தியாவில் அதுவரை எந்த மாநிலமும் பார்த்திராத சம்பவம் நடந்தது. சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் வேலையை இழந்தார்கள்!

என்ன கோபம்?

"அரசாங்க உத்தியோகம்! கால் காசு என்றாலும் கவர்மெண்டு காசு!" என்று பெண் கொடுத்த ஊர் இது. அப்படிப்பட்ட உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு ஏன் இத்தனை கோபம்?

2001 மே மாதம் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. கஜானா காலி என்று புதிய அரசு சொன்னது. நிதி அமைச்சர் பொன்னையன் அந்த ஆண்டு ஆகஸ்டில் நிதி நிலை பற்றி வெள்ளை அறிக்கை வைத்தார். சிக்கனம், சிக்கனம் என்ற பேச்சு எங்கும் கேட்டது.

சிக்கனத்தின் கத்தரி முதலில் விழுந்த இடம், ஊழியர்களின் சலுகைகள்.

போனசில் கை வைக்கப்பட்டது. ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணம் வாங்குவது நின்றது. ஓய்வூதியப் பலன்கள் குறைக்கப்பட்டன.

சரண்டர் பணம் என்றால் என்ன என்று குமாஸ்தா வீட்டுக்காரிகளைக் கேட்டால் தெரியும். எடுக்காத லீவில் 15 நாளை அரசிடம் ஒப்படைத்து, அரை மாத சம்பளம் வாங்குவது. பிள்ளைக்குப் பள்ளிக்கூட பீஸ், அடகில் இருக்கும் வளையலை மீட்பது, வீட்டுக்கு ஓடு மாற்றுவது எல்லாம் அந்தப் பணத்தில்தான்.

ஓய்வூதியம் அதைவிடப் பெரிய விஷயம். "இன்னிக்குக் கம்மியா குடுத்தாலும் பரவாயில்லே, கடைசி காலத்துக்குச் சோறு இருக்கு" என்ற தைரியத்தில்தான் பலர் 30 வருஷம் பைல் கட்டோடு உட்கார்ந்து இருந்தார்கள். அந்தத் தைரியம் ஆட்டம் கண்டது.

இரண்டு பக்க நியாயம்

அரசின் வாதம் இது: "வருகிற வருமானத்தில் பெரும் பகுதி சம்பளத்துக்கும் பென்ஷனுக்குமே போய் விடுகிறது. மீதி ஜனங்களுக்கு ரோடு போட, ஆஸ்பத்திரி கட்ட எதை வைத்துச் செலவு செய்வது?"

சங்கங்களின் பதில் இது: "கஜானாவில் ஓட்டை போட்டது நாங்களா? போராடி வாங்கிய உரிமையை, எங்களைக் கூப்பிட்டுப் பேசாமலே எடுப்பது என்ன நியாயம்?"

தனித்தனியாக நின்ற சங்கங்கள் "ஜாக்டோ-ஜியோ", "கோட்டா-ஜியோ" என்ற கூட்டமைப்புகளில் திரண்டன. வேலை நிறுத்த நாள் குறிக்கப்பட்டது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2002-லேயே "டெஸ்மா" என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் கொண்டு வந்து தயாராக இருந்தது. வேலை நிறுத்தம் தொடங்கும் முன்பே, இரவோடு இரவாகச் சங்கத் தலைவர்களைத் தேடிப் போலீசார் வீடுகளுக்குப் போனார்கள். பலர் கைது செய்யப்பட்டார்கள்.

அப்படியும் ஜூலை 2-ந்தேதி ஸ்டிரைக் நடந்தது.

இடி விழுந்தது

ஜூலை 4-ந்தேதி வெள்ளிக்கிழமை. டெஸ்மா சட்டத்தைத் திருத்தி அவசர சட்டம் வந்தது. வேலை நிறுத்தத்தில் கலந்து கொண்டவர்களை, விசாரணை எதுவும் இல்லாமலே டிஸ்மிஸ் செய்ய அது வழி செய்தது.

அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்குவது சாதாரண காரியம் அல்ல. குற்றச்சாட்டு என்ன என்று சொல்ல வேண்டும். விசாரிக்க வேண்டும். பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு கொடுத்திருக்கும் பாதுகாப்பு அது. மிகச் சில விதிவிலக்குகள்தான் உண்டு.

அந்தப் பாதுகாப்பை நம்பி இருந்தவர்கள், ஒரு வார இறுதிக்குள் நடுத்தெருவுக்கு வந்து விட்டார்கள்.

ஜூன் மாத சம்பளம் வாங்கிய ஈரம் கூடக் காயவில்லை. அடுத்த சம்பளம் உண்டா, இல்லையா? கூட்டுறவு சங்கக் கடனுக்கு யார் பிடித்தம் செய்வார்கள்? நிச்சயம் செய்த கல்யாணம் நிற்குமா, நடக்குமா?

ஆபீசுகளில் வேலை முடங்காமல் இருக்கத் தற்காலிக ஆட்களைத் தொகுப்பு ஊதியத்தில் எடுக்கும் ஏற்பாடும் நடந்தது. வேலை வாய்ப்பு ஆபீசில் பதிந்து விட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த வாலிபர்களுக்கு அது ஒரு வாய்ப்பு. வேலை போனவரின் நாற்காலியில் வேலை இல்லாதவர்! இரண்டு பக்கமும் வயிற்றுப் பிரச்சினை.

டீக்கடையில் என்ன பேச்சு?

ஜனங்கள் எல்லாரும் ஊழியர்கள் பக்கம் நிற்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

"ஒரு சர்டிபிகேட்டுக்கு எத்தனை தடவை நடக்க விட்டாங்க! இப்ப தெரியட்டும்!" என்றவர்கள் உண்டு. மாத சம்பளம் என்பதையே பார்க்காத கூலிக்காரருக்கு, போனசுக்காக ஸ்டிரைக் என்பது புரியாத கதை. பள்ளிக்கூடம் திறந்த புதிதில் வாத்தியார் வரவில்லை என்றால் பெற்றோருக்குக் கோபம் வராதா?

ஆனால், டிஸ்மிஸ் என்றதும் பேச்சு மாறியது.

"தப்புன்னா சம்பளத்தைப் பிடி. ஒரேயடியா வேலைய விட்டே தூக்குறதா?" என்றார்கள்.

மளிகைக் கடைக்காரருக்கு வேறு கவலை. அவரது கடன் நோட்டில் பாதிப் பெயர் அரசு ஊழியர்கள். அவர்களுக்குச் சம்பளம் வராவிட்டால் இவருக்கும் வராது.

கோர்ட்டுப் படி ஏறினார்கள்

விவகாரம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. ஜூலை 11-ந்தேதி டிவிஷன் பெஞ்ச் உத்தரவு வந்தது. ஊழியர்கள் முதலில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று கூறப்பட்டது.

இங்கேதான் வேடிக்கை. அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது வேலை பார்த்தது ஒரே ஒருவர்! லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் மனுவை ஒருவர் எப்போது விசாரித்து, எப்போது முடிப்பது?

வழக்கு டெல்லிக்குப் போனது. தொழிற்சங்கத் தலைவர் டி.கே.ரங்கராஜன் பெயரில் அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் ஏறியது.

சுப்ரீம் கோர்ட்டில் தமிழ்நாடு அரசு இறங்கி வந்தது. கைதானவர்கள், போலீஸ் வழக்கில் சிக்கியவர்கள் தவிர மற்றவர்களைத் திரும்ப வேலையில் சேர்ப்பதாக ஜூலை 24-ந்தேதி ஒப்புக் கொண்டது.

ஆனால் ஒரு நிபந்தனை. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். "இனி நடத்தை விதி 22-க்குக் கட்டுப்படுவேன்" என்று உறுதி கொடுக்க வேண்டும். ஸ்டிரைக் செய்யக் கூடாது என்கிற விதி அது. 1973-ல் வந்த அரசு ஊழியர் நடத்தை விதிகளில் இருக்கிறது.

ஆயிரம் கடிதம் டைப் அடித்த கைகள், தங்களுக்காக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதின. எழுதும்போது பலருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் எழுதினார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

ஆகஸ்டு 6: தீர்ப்பு

2003 ஆகஸ்டு 6-ந்தேதி நீதிபதிகள் எம்.பி.ஷா, ஏ.ஆர்.லட்சுமணன் தீர்ப்புச் சொன்னார்கள்.

வேலை கிடைத்தது. ஆனால் உரிமை?

அரசு ஊழியர்களுக்கு வேலை நிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை. சட்ட உரிமையும் இல்லை. தார்மிக உரிமை கூட இல்லை என்று தீர்ப்புக் கூறியது. திரும்பச் சேர்க்கப்படாமல் மிஞ்சிய 6,072 பேர் விவகாரத்தை ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதிகள் மூன்று பேர் பரிசீலிக்க ஏற்பாடு ஆனது.

சங்கம் வைக்கலாம், அது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தந்த உரிமை. ஸ்டிரைக் செய்வது அந்த உரிமையில் சேராது என்று 1961-லேயே வங்கி ஊழியர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருந்தது. "தார்மிக உரிமை கூட இல்லை" என்ற வார்த்தைதான் தொழிற்சங்கங்களைச் சுட்டது. தீர்ப்பை எதிர்த்து நாடு முழுவதும் குரல் எழுந்தது.

மில் தொழிலாளி, கம்பெனித் தொழிலாளி விஷயம் வேறு. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், நோட்டீஸ் போன்ற நிபந்தனைகளோடு வேலை நிறுத்தத்தை ஒப்புக் கொண்டது. மில்லில் நூல் நூற்றவனுக்கு இருந்தது, ஆபீசில் பேனா பிடித்தவனுக்கு இல்லை!

இதே சென்னையில் அன்று...

இத்தனைக்கும், இந்தியாவில் முறையான தொழிற்சங்கம் முளைத்ததே இந்தச் சென்னையில்தான். 1918 ஏப்ரல் 27-ந்தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காக வாடியா தலைவராகவும், திரு.வி.க. துணைத் தலைவராகவும் நின்றார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் வெறும் அரை மணி. அதைக் கொஞ்சம் கூட்டிக் கொடு என்பது அன்றைய கோரிக்கைகளில் ஒன்று.

அப்போதும் விவகாரம் கோர்ட்டுக்குத்தான் போனது. வாடியா முதலானவர்களுக்கு ஐகோர்ட்டு தடை விதித்தது. அதன் பிறகு எழுந்த கிளர்ச்சியின் பலன்தான் 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம்.

1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இதே கடற்கரையில்தான்.

பெட்டியில் விழுந்த பதில்

கோர்ட்டில் தோற்ற வழக்குக்கு வேறு இடத்தில் பதில் கிடைத்தது.

2004 மே மாதம் பாராளுமன்றத் தேர்தல் முடிவு வெளிவந்தது. தமிழ்நாட்டில் உள்ள 39 தொகுதிகளிலும் ஆளும் கட்சி அணி தோற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல. ஊழியர் குடும்பங்களின் கோபமும் அதில் ஒன்று என்று எல்லாக் கட்சியும் கணக்குப் போட்டன.

மே 18-ந்தேதி முதல்-அமைச்சர் ஜெயலலிதா வரிசையாக அறிவிப்புகள் வெளியிட்டார். வேலை நிறுத்தத்துக்காக ஊழியர்கள் மீது எடுத்த நடவடிக்கைகள் வாபஸ்!

10 மாத வேதனை ஒரு அறிவிப்பில் முடிந்தது.

முடியாத கதை

எல்லாம் முடிந்து விட்டதா? இல்லை.

அந்த 2003-ம் ஆண்டில் போட்ட கோடு ஒன்று அழியாமல் நின்றது. 1.4.2003 முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்று ஆனது. மாதம் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்தம்.

2019 ஜனவரி 22-ந்தேதி ஜாக்டோ-ஜியோ மறுபடியும் ஸ்டிரைக்கில் இறங்கியது. பழைய ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடு என்பது முக்கியக் கோரிக்கை. ஜனவரி 30-ந்தேதி கோரிக்கை நிறைவேறாமலே வேலைக்குத் திரும்பினார்கள்.

2020 ஏப்ரலில் கொரோனா நெருக்கடி. மறுபடி சிக்கனம். கத்தரி விழுந்த இடம் பழைய இடம்தான். அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைப்பு. சரண்டர் பணமும் நிறுத்தம்.

கஜானாவுக்குக் கஷ்டம் வரும் போதெல்லாம் முதலில் யார் வயிற்றைக் கட்ட வேண்டும்? 2003-ல் எழுந்த கேள்வி இது. கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி விட்டது. தேர்தலும் தீர்ப்புச் சொல்லி விட்டது. கேள்வி மட்டும் தீரவில்லை.

அதன் பலனை ஆபீசுக்கு ஆபீசு பார்க்க முடிந்தது. பக்கத்துப் பக்கத்து மேஜையில் இரண்டு குமாஸ்தாக்கள். ஒருவர் 2003 மார்ச்சில் சேர்ந்தவர். இன்னொருவர் ஏப்ரலில் சேர்ந்தவர். ஒரே வேலை, ஒரே பைல், ஒரே மின்விசிறி.

"உனக்குப் பென்ஷன் உண்டுப்பா, எனக்குத்தான் இல்லே" என்பார் ஏப்ரல்காரர்.

இடையில் வித்தியாசம் ஒரே மாதம்தான்!