ஹெலினா நகரின் ஆறு மாதங்கள்

ஒருவர் மாரடைப்பினால் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார் என்று கேள்வியுற்றால், நாம் உடனே அவருடைய பழக்கவழக்கங்களை ஆராயப் புகுகின்றோம். கொழுப்புப் பண்டங்களை மிகுதியாக உண்டாரா? தேகப்பயிற்சியின்றி இருந்தாரா? அவர் எத்தகைய காற்றைச் சுவாசித்தார், எத்தகைய இடத்தில் உழைத்தார் என்று வினவுவோர் மிகச் சிலரே. அமெரிக்காவின் மலைப்பிரதேசத்துச் சிறு நகரமொன்று, தான் அறியாமலே இவ்வினாவுக்கு விடையளித்தது.

மொன்டானா மாநிலத்தின் தலைநகரமாகிய ஹெலினா, பிற நகரங்களுக்குச் சேய்மையில் அமைந்தது. அப்பகுதியில் மாரடைப்பு நோயாளரை ஏற்கும் வைத்தியசாலை ஒன்றேயாகும். ஆதலால் அதன் பதிவேட்டைப் புரட்டினாலே ஊராரின் இருதய நிலை தெரிந்துவிடும். 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உணவுச்சாலைகள், மதுச்சாலைகள் உட்பட வேலைத்தலங்களிலும் பொதுக் கட்டிடங்களிலும் புகைபிடித்தலைத் தடுக்கும் சட்டம் நகரில் அமுலுக்கு வந்தது. அதை எதிர்த்தோர் வழக்காடினர். டிசம்பரில் நீதிமன்ற உத்தரவினால் சட்டம் இடைநிறுத்தப்பட்டது.

அதற்கு முந்திய ஆண்டுகளிலும் அடுத்த ஆண்டிலும் இதே ஆறு மாதங்களில், நகரிலிருந்து சராசரியாக 40 பேர் மாரடைப்புடன் வைத்தியசாலைக்கு வந்தனர். சட்டம் நடைமுறையிலிருந்த ஆறு மாதங்களில் வந்தோர் 24 பேரே. சட்டம் செல்லாத சுற்றுப்புறங்களிலோ இத்தகைய குறைவு காணப்படவில்லை.

இக்கணக்கு 2004இல் வெளியானபோது பலர் ஐயுற்றனர். ஒரு சிற்றூரின் சொற்ப எண்களைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்ற அவர்களது வாதம் நியாயமானதே. பின்னர் பெரிய நாடுகளில் ஆராய்ந்தபோது குறைவு இவ்வளவாக இருக்கவில்லை. ஆயினும் குறைவு இருந்தது. 2006இல் ஸ்கொட்லாந்து இவ்வாறான சட்டத்தைக் கொண்டுவந்தபின், ஆராயப்பட்ட ஒன்பது வைத்தியசாலைகளில் கடும் இருதய நோயினால் சேர்ந்தோர் தொகை 17 சதவீதம் வீழ்ந்தது. வியப்பு யாதெனில், இவ்வாறு தப்பியோருள் மூன்றில் இரு பங்கினர் புகைபிடியாதவர்கள்!

பிறர் விட்ட புகை இத்துணை விரைவில் தீங்கு செய்யுமா? செய்யும். அரைமணி நேரம் அதைச் சுவாசித்தாலே இரத்தத்திலுள்ள சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை மிகுகின்றது. இரத்தக் குழாய்கள் விரியும் ஆற்றல் குன்றுகின்றது. முன்னரே ஒடுங்கிய குழாயில் கட்டியொன்று அடைக்க இவ்வளவு போதும்.

புகைபிடிப்பவன் நினைத்தபோது எழுந்து வெளியே செல்லலாம். அவனுக்குத் தட்டேந்தி நிற்கும் பரிசாரகப் பெண் எங்கே செல்வாள்? அக்காற்று அவளுடைய சம்பளத்தோடு சேர்ந்து வருவதன்றோ!

பதவியும் இருதயத்தைத் தொடாமல் விடுவதில்லை. 1967இல் தொடங்கி லண்டன் அரசாங்க உத்தியோகத்தரிடையே நிகழ்ந்த நீண்ட ஆராய்ச்சியில், மேலதிகாரிகளைக் காட்டிலும் கடைநிலை ஊழியர் ஏறத்தாழ மும்மடங்கு இருதய நோயால் மாண்டமை தெரியவந்தது. புகைத்தல், இரத்த அமுக்கம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கழித்த பின்னும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சியது. தம் வேலையின் போக்கைத் தாமே தீர்மானிக்க இயலாதோரை நோய் அதிகம் பற்றுகின்றது எனப் பிந்திய ஆராய்ச்சி காட்டிற்று.

ஹெலினாவின் மதுச்சாலைகளில் புகை மீண்டும் தடுக்கப்பட்டது 2009இல், மாநிலம் முழுமைக்குமான சட்டத்தினால். இடையில் ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன.