பத்தாயிரத்துக்கு எத்தனை கோடு?

சீனாவில் சொல்லப்படும் பழைய கதை இது. எழுதப் படிக்கத் தெரியாத பணக்காரர் ஒருவர், மகனுக்காக வாத்தியார் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்தார். வாத்தியார் ஒரு கோடு போட்டு 'ஒன்று' என்றார். இரண்டு கோடு போட்டால் 'இரண்டு', மூன்று கோடு 'மூன்று'. "இவ்வளவுதானா! இனி எனக்கு வாத்தியார் எதற்கு?" என்று துள்ளினான் பையன். செலவு மிச்சம் என்று அப்பாவும் அவரை அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து, 'வான்' என்ற குடும்பப் பெயருள்ள நண்பருக்கு விருந்து அழைப்பு எழுதச் சொன்னார் அப்பா. வான் என்றால் பத்தாயிரம். மதியம் ஆகியும் கடிதம் வரவில்லை. போய்ப் பார்த்தால், "இப்போதுதான் ஐந்நூறு கோடு போட்டிருக்கிறேன்!" என்று புலம்பினான் மகன்.

சீன எழுத்தைக் கற்கத் தொடங்கும் எவருக்கும் இதே மலைப்புதான். அங்கே அகரவரிசை கிடையாது. சீனப் பிள்ளைகள் ஆறு வருடத் தொடக்கக் கல்விக்குள் சுமார் 3,000 எழுத்துகளை அடையாளம் காணவும், அவற்றில் 2,500-ஐ எழுதவும் பழக வேண்டும்.

ஆனால், அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். தெரிந்த துண்டுகளே மாறி மாறிச் சேர்கின்றன. இரண்டு 'மரம்' பக்கத்தில் நின்றால் தோப்பு. மூன்று சேர்ந்தால் காடு. மரத்தின் அருகே 'மனிதன்' வந்தால் ஓய்வு!

எல்லாவற்றையும் இப்படிப் படமாகக் காட்ட முடியாதே? அதற்கும் வழி உண்டு. 'அம்மா' என்ற எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. பயந்துவிடாதீர்கள். சீனத்தில் அம்மாவும் 'மா', குதிரையும் 'மா'. குரலின் ஏற்ற இறக்கம்தான் வேறு. பெண் பொருளைச் சொல்கிறாள். குதிரை ஒலியைச் சொல்கிறது. பெரும்பாலான எழுத்துகள் இந்த ரகம்தான்.

இவை மனதில் தங்க, கையால் எழுதிப் பழக வேண்டும். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் என்று கோடுகளுக்கு வரிசை உண்டு. செல்போனில் ஒலியை ரோமன் எழுத்தில் தட்டினாலே திரையில் சீன எழுத்துகள் வந்துவிடுகின்றன. சரியானதைத் தொட்டால் போதும். விளைவு? நன்றாகப் படித்தவர்களே பேனாவை எடுத்ததும் எழுத்து மறந்து விழிக்கிறார்கள். பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால், புதிதாகக் கற்பவர் நோட்டை மூடிவைக்கலாமா?

சரி, அந்தப் பையன் எழுத வேண்டியிருந்த 'வான்'? இன்று சீனாவில் வழங்கும் எளிய வடிவில், அதற்கு மூன்றே மூன்று கோடுகள்தான்!