லைட்டு கெடக்கட்டும் சாரே... கணக்கைச் சொல்லுங்க!

நவம்பர் 1 என்றால் எங்க பக்கத்துல டபுள் விசேஷம். 1956-ல் அன்றைக்குத்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுக் கழன்று, அப்போதைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து, கன்னியாகுமரி மாவட்டமாச்சு. அதே தேதியைத்தான் தமிழக அரசு ‘உள்ளாட்சி தினம்’ என்றும் வைத்திருக்கிறது. ரெண்டும் ஒரே தேதியில் வந்தது தற்செயல்தான். ஆனா, புதுக்கடை ஜங்ஷனில் நின்று ஒரு சாயா குடிச்சுக்கிட்டே யோசித்தால் அப்படித் தோணமாட்டேங்குது!

புதுக்கடையைத் தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்குப் போகிற வழியில், ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் சூழ்ந்த சின்ன ஊர். பக்கத்து முஞ்சிறையில் இருக்கிற திருமலைக் கோயிலிலிருந்துதான் மகா சிவராத்திரி சிவாலய ஓட்டம் புறப்படும். 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ‘விடுதலை நாள்’ கொண்டாடியபோது, மார்த்தாண்டத்திலும் இந்தப் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஊர்வலம் வந்த ஜனங்கள் செத்து விழுந்தார்கள். நேசமணி தலைமையில் அவங்க கேட்டது என்ன? ‘எங்க பாஷை பேசுற சர்க்கார் எங்களை ஆளணும்!’ அவ்வளவுதான். அப்போ முதல் மந்திரி பட்டம் தாணுப்பிள்ளை. அவருடைய கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே, ‘சோஷலிஸ்ட் ஆட்சி ஜனங்களைச் சுடலாமா? ராஜினாமா பண்ணு’ என்றார். ராஜினாமா நடக்கலை. கட்சிதான் உடைந்தது.

எந்த சர்க்கார் ஆளணும் என்று கேட்பதற்காக உயிரைக் கொடுத்த ஊர் சார் இது! சர்க்கார்களில் கடைக்குட்டி யார்? பேரூராட்சி. அந்தக் கடைக்குட்டியிடம், ‘ஏப்பா, வரி வாங்கினியே, என்ன பண்ணினே?’ என்று ஜனங்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்க ஒரு சபை எப்போ கிடைத்தது தெரியுமா? 2022-ல்! இணைப்பு நடந்து அறுபத்தாறு வருஷம் கழிச்சு.

ஏன் இவ்வளவு தாமதம் என்றால், பேரூராட்சி என்பதே ஒரு அரை டிக்கெட் சமாச்சாரம். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கிராமத்துக்கு கிராம சபையைக் கொடுத்தது. அதே வருஷம் வந்த 74-வது திருத்தம், மூணு லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரத்துக்கு வார்டு கமிட்டி கட்டாயம் என்றது. நடுவில் மாட்டினது நாம. கிராமமும் இல்லை, நகரமும் இல்லை. இதில் 2004-ல் ‘நீங்க எல்லாம் இனிமே சிறப்பு ஊராட்சி’ என்று பேரூராட்சிகளைக் கிராமமாக்கினார்கள். 2006-ல் ‘இல்லை, மறுபடியும் பேரூராட்சிதான்’ என்று திருப்பினார்கள். போர்டு எழுதுகிற பெயின்டருக்கு மட்டும் ரெண்டு தடவை வேலை! நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது ‘அது கிராமத்துக்குத்தான்’ என்று சொல்லிவிட்டார்கள். எங்க மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் நூறுகூட இல்லை. பேரூராட்சிகளோ சுமார் ஐம்பது. அப்போ எத்தனை ஆயிரம் ஜனம் இந்த நடுப்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்குங்க.

2016 அக்டோபரில் அப்போதைய மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் அஞ்சு வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ராஜ்யம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து மரத்தையெல்லாம் ரோட்டில் படுக்க வைத்து, மாவட்டமே கரண்டு இல்லாமல் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததே, அப்போ போய்க் கதவைத் தட்ட வார்டு உறுப்பினர் என்று ஒருத்தர் கிடையாது.

அதுக்கப்புறம்தான் ‘ஏரியா சபா’ வந்தது. தமிழில் ‘பகுதி சபை’ என்கிறார்கள். எங்க ஊர் ஜனங்களுக்கு ‘சபா’ என்றாலே கச்சேரி ஞாபகம்! 2022-ல் விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1-ல் பம்மலில் நடந்த சபாவில் முதலமைச்சர் ஸ்டாலினே கலந்துகிட்டார். மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. இதில் ஒரு சின்னக் குசும்பும் உண்டு. சபாவுக்கான பிரதிநிதியை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம்தான் நியமிக்கிறது. கல்யாணம் நமக்கு, பொண்ணு பார்க்கிறது அவங்க!

சரி, இனிமே எங்க கதை. எங்க வார்டில் ஒரு குடியிருப்போர் குழு இருக்கு. (எந்தப் பேரூராட்சி என்று கேட்காதீங்க. புதுக்கடையிலிருந்து கூப்பிடு தூரம். பெயரை எழுதினால் அடுத்த தடவை ஆபீஸில் எனக்கு நாற்காலி கிடைக்காது!) எங்களுக்குள்ள கட்சிக்கு ஒருத்தர் இருப்பதால், கூடுவது மட்டும் புதுக்கடையில் ஒரு சாயாக்கடையில். ஐ.நா. சபைக்காரங்க ஜெனீவாவில் கூடுறாங்களே, அந்த மாதிரி நடுநிலையான இடம். சபாவில் என்ன பேசுவது என்று முடிவு பண்ண முதல் தடவை உட்கார்ந்தபோது நாற்பத்து மூணு கோரிக்கை சேர்ந்துடுச்சு. அதில் முப்பது, அவரவர் வீட்டு வாசல்! ஒருத்தருக்கு வாசலில் லைட்டு. இன்னொருத்தருக்கு வாசலில் வேகத்தடை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வேகத்தடை வரவே கூடாது. ஒருத்தர் ஊர் முகப்பில் வரவேற்பு வளைவு வேணும் என்றார். “வளைவு வழியா உள்ளே வந்தா முழங்கால் தண்ணியில்லா நிக்கும், வரவேற்று எங்க கொண்டுபோவிய?” என்று சாயா ஆத்திக்கிட்டே கடைக்காரர் கேட்டார்.

எங்க குழுவில் ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். லிஸ்டை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துட்டு, “இது கல்யாண வீட்டு மளிகை லிஸ்டு ஓய். கையில பைசா எம்பிடுன்னு தெரியாம எப்பிடி மளிகை எழுதுகிய?” என்றார். பேரூராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருது என்று ஒருத்தருக்கும் சரியாத் தெரியலை. வாத்தியார் பேப்பர் கவரைக் கிழிச்சு எழுதினார். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், லைசென்ஸ் கட்டணம், சந்தைக் குத்தகை... இது நம்ம சொந்தப் பணம். அப்புறம் மாநில நிதிக் குழு சொல்கிறபடி சர்க்கார் தரும் பங்கு. அப்புறம் மத்திய நிதிக் குழு மானியம். 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக் குழு, எங்களைப் போன்ற சிறு நகரங்களுக்குக் கொடுத்த மானியத்தில் நூற்றுக்கு அறுபது குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் என்று முடிச்சுப் போட்டே கொடுத்தது. அந்தப் பணத்தில் போய் வளைவு கேட்டால்? வாத்தியார் வளைவை ஒரே கோட்டில் அடிச்சார். கோரிக்கை நாற்பத்திரண்டு.

அன்றைக்கே லிஸ்டைத் தூக்கிப் போட்டுட்டோம். ‘என்ன வேணும்’ என்று எழுதாமல், ‘இருக்கிற பணத்தை எந்த வரிசையில் செலவு பண்ணணும்’ என்று எழுத ஆரம்பிச்சோம். இதுக்கு மூணு கூட்டம், எத்தனையோ சாயா. இந்த வேலை லேசு இல்லை சார்! எல்லாருக்கும் எல்லாமும் கேட்கும்போது சண்டையே வராது. எது முன்னே, எது பின்னே என்று கேட்டுப் பாருங்க, அண்ணன் தம்பியே முறைச்சுக்குவான்.

முதல் இடம் ரிப்பேருக்கு. புதுசா போடுறதுக்கு முன்னாடி பழசு. இதை ஒருமனதா எழுதினோம், ஏன்னா எல்லாருமே அடிபட்டவங்க. எங்க தெருவில் ஏற்கெனவே இருந்த கான்கிரீட் மேலேயே அலங்காரக் கல் பதிச்சுட்டுப் போனாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை தார் மேலே தார். என் வீட்டுக்கு ஏற மூணு படி இருந்தது. இப்போ ரோட்டிலிருந்து வீட்டுக்குள்ள ஒரு படி கீழே இறங்கணும்! எங்க மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று ரெண்டு பருவமழை. ஆக, வருஷத்துக்கு ரெண்டு சீஸன் ரோட்டுத் தண்ணி உள்ளே விசாரிச்சுட்டுப் போகும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவு போட்டாரே! அந்த உத்தரவைத் தெரிஞ்சவங்க எங்க தெருவில் எத்தனை பேர்? வாத்தியார் ஒருத்தர்தான்.

ஓடை விஷயத்திலும் இதே கதை. எங்க வார்டு ஓடைக்கு ஆரம்பம் இருக்கு, முடிவு கிடையாது. ஒரு ஒப்பந்தத்தில் எவ்வளவு நீளமோ அவ்வளவு தோண்டி, கடைசி வீட்டுக்காரர் வேலியோரம் விட்டுட்டாங்க. ‘தண்ணி எங்கே போய்ச் சேரும் என்று வரைபடத்தில் காட்டாமல் ஒரு ஓடையும் தொடங்கக் கூடாது’ என்று எழுதினோம். கடைசி வீட்டுக்காரர் அன்றைக்கு எல்லாருக்கும் பழம்பொரி வாங்கித் தந்தார்.

குப்பையில்தான் கொஞ்சம் இழுபறி. 1989-ல் சென்னையில் எம்.பி.நிர்மல் ‘எக்ஸ்னோரா’ ஆரம்பிச்சப்போ, தெருக்காரங்களே மாசாமாசம் காசு போட்டு, வண்டிக்கு ஆள் வைத்துக் குப்பை எடுத்தாங்க. அதே மாதிரி செய்யலாமே என்றது ஒரு கோஷ்டி. ‘வரியும் கட்டி, கையிலிருந்தும் கட்டணுமா’ என்றது இன்னொரு கோஷ்டி. கடைசியில் பிரித்துப் போடுவது எங்க பொறுப்பு, எடுப்பது அவங்க பொறுப்பு என்று முடிவாச்சு. கூடவே, ‘தூய்மைப் பணியாளர் சம்பளமும் கையுறையும் பூட்ஸும் போக மிச்சம்தான் மற்ற செலவு’ என்று ஒரு வரி. அதைச் சொன்னது மகளிர் சுய உதவிக் குழுவை நடத்துகிற அக்கா. அவங்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பெரிய யுத்தம், சொத்து வரியில்! 2022-ல் சர்க்கார் வரியை உயர்த்தினப்போ, 600 சதுர அடிக்குள்ள வீட்டுக்கு 25 சதவிகிதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேலே 100 சதவிகிதம் என்று ஏத்தினாங்க. வளைகுடாவில் பிள்ளைங்க சம்பாதிச்சுக் கட்டின பெரிய வீடுங்க எங்க பக்கத்தில் நிறைய. அவங்க, ‘வரி உயர்வைத் திரும்பப் பெறு’ என்று முதல் வரியா எழுதணும் என்றாங்க. வாத்தியார் ஒத்துக்கலை. “வரி குறைக்கணும், ஓடை வெட்டணும்... ரெண்டையும் ஒரே பேப்பர்ல எழுதினா நான் ஃபெயில் மார்க்தான் போடுவேன்” என்றார். அன்றைக்கு ரெண்டு பேர் சாயாவை வச்சுட்டே எழுந்து போயிட்டாங்க.

முடிச்சை அவிழ்த்தது அந்த அக்கா. “வரி கூடுதலா, குறைவான்னு இப்ப எதுக்கு அடி? நாம கட்டின பைசா எங்க போச்சுன்னு மொதல்ல கேப்போம். எங்க குழுவில பத்து ரூவா வித்தியாசம் வந்தா, கணக்கு ஒத்துப்போற வரைக்கும் ஒருத்தியையும் வீட்டுக்கு விடமாட்டோம். நாளைக்குச் சந்தா கூட்டணும்னா அந்த நோட்டைக் காட்டித்தான் கூட்டுவோம்.” அப்படியே எழுதினோம்: ‘போன வருஷ வரவு, செலவை எங்களுக்குப் புரிகிற தமிழில் போர்டில் எழுதி வைங்க. அதுக்கப்புறம் வரி உயர்வைப் பற்றிப் பேசுவோம்.’ எழுந்து போன ரெண்டு பேரும் மறுவாரம் வந்து சாயாவுக்குக் காசு கொடுத்தாங்க.

இதில் புதுமை ஒண்ணும் இல்லை. களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டினால் பாறசாலை. அங்கே பேரூராட்சி என்கிற ரகமே கிடையாது. ஊராட்சியில் வார்டுக்கு ஒரு கிராம சபை. கேரளத்தில் 1996 ஆகஸ்ட் 17-ல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் 35-லிருந்து 40 சதவிகிதம் வரை உள்ளாட்சிக்கு என்று ஒதுக்கினாங்க. பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989-லிருந்து ஜனங்களே கூடி, எந்த வேலைக்கு முதலில் பணம் என்று தீர்மானிச்சிருக்காங்க. அவ்வளவு தூரம் எதுக்கு? சோழர் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் உறவுக்காரனும் நிற்கக் கூடாது என்றே வெட்டி வச்சிருக்கு. இதை வாத்தியார் சொன்னபோது, எங்க குழுவில் இருந்த கட்சிக்காரர் ஒருத்தர், “மச்சினன் உறவில சேருமா சாரே?” என்று கவலையாக் கேட்டார்.

சபா அன்னைக்குச் சமுதாயக் கூடத்தில் நாற்காலியை விட ஆள் குறைவு. வழக்கம்போல வரவேற்புரை, பொன்னாடை. அலுவலர் பேப்பரும் பேனாவுமா, “வரிசையாச் சொல்லுங்க, யாருக்கு எங்கே லைட்டு எரியலை?” என்று அன்பாத்தான் ஆரம்பிச்சார்.

அக்கா எழுந்தாங்க. “லைட்டு கெடக்கட்டும் சாரே. போன வருஷம் எம்பிடு வந்துது, எம்பிடு போச்சு, மிச்சம் எம்பிடு... அத மொதல்ல சொல்லுங்க.”

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அலுவலர் கோபப்படலை. “இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லையேம்மா” என்றார். உண்மைதான், யாரும் கேட்டதில்லை. விவரம் கையில் இல்லை, ரெண்டு வாரத்தில் தருகிறேன் என்றார். “தீர்மானப் புத்தகத்தில எழுதிருங்க” என்று வாத்தியார் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். எழுதினாங்க. எங்க வரிசைப் பட்டியலையும் சேர்த்து இணைச்சாங்க.

ரெண்டு வாரம் மூணு வாரமாச்சு, நாலு வாரமாச்சு. வாத்தியார் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவை எழுதி, சட்டைப் பையில் வச்சுக்கிட்டே திரிஞ்சார். அதை அனுப்புறதுக்குள்ள வந்துடுச்சு, ஆறு பக்கம் ஜெராக்ஸ். போர்டில் எழுதலை, ஆனா கொடுத்துட்டாங்க. சொத்து வரியோடு நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரியும் நாம கட்டுகிறோம் என்பதே அதைப் பார்த்துத்தான் எங்க ஆட்களுக்குத் தெரிஞ்சது. நூலகத்துக்கு வருஷக்கணக்கா எட்டிப் பார்க்காதவங்க மூணு பேர் மறுநாளே போய், ‘நம்ம காசு’ என்று பேப்பர் படிச்சுட்டு வந்தாங்க!

அக்கா அந்த ஆறு பக்கத்தையும் குழு நோட்டோடு சேர்த்துத் தச்சு வச்சிருக்காங்க. மூணாவது பக்கத்தில் தெருவிளக்குக் கரண்டு பில்லையும், அஞ்சாவது பக்கத்தில் தெருவிளக்குப் பராமரிப்பையும் சிவப்பு மையில் வட்டம் போட்டாச்சு. சாயங்காலம் குழுவிலிருந்து ரெண்டு பெண்களை அனுப்பி, கம்பம் கம்பமா எண்ணிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அடுத்த சபா ஏப்ரல் 14.