தனியே நிற்கப் பழகும் பிள்ளை



உதைபந்தாட்டத்திலே ஓர் அணியிற் பதினொருவர் ஆடுவர். ஒருவன் தவறினால் மற்றொருவன் தாங்குவான். டெனிஸ் ஒற்றையர் ஆட்டத்திலோ வலைக்கு இப்பால் ஒரு பிள்ளை, அப்பால் ஒரு பிள்ளை. துணைக்கு வேறெவரும் இல்லை. சிறுவர் சுற்றுப்போட்டிகள் பலவற்றில் ஆடுகளந்தோறும் மத்தியஸ்தர் இருப்பதுமில்லை. பந்து கோட்டுக்குள்ளே வீழ்ந்ததா வெளியே வீழ்ந்ததா என்று தீர்ப்புக் கூறுவதும், எண்ணிக்கையைச் சொல்வதும் ஆடும் பிள்ளைகளின் பொறுப்பாகும். பத்துப் பன்னிரண்டு வயதிலே ஆட்டக்காரனாகவும் நீதிபதியாகவும் ஒருங்கே நிற்பது எளிய காரியமா? தனியே நிற்பதற்குப் பிள்ளையும், விலகி நிற்பதற்குப் பெற்றாரும் எவ்வாறு ஆயத்தமாகலாம் என்பதையே இன்று கூற விரும்புகின்றேன்.

முதலில், வயதுக்கேற்ற ஆட்டத்தைத் தெரிதல் வேண்டும். வளர்ந்தோர் ஆடுங் களம் 23.77 மீற்றர் நீளமுடையது. சின்னஞ் சிறுவர்க்கு ஏறத்தாழ 11 மீற்றர் நீளமுள்ள களமும் வேகங் குறைந்த சிவப்புப் பந்தும் உண்டு. அதற்கடுத்த படியில் ஏறத்தாழ 18 மீற்றர்க் களமும் செம்மஞ்சட் பந்தும், பின்னர் முழுக் களமும் பச்சைப் பந்தும் வரும். பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளிற் சாதாரண மஞ்சட் பந்தைப் பாவிக்கலாகாது என்னும் விதி 2012 ஆம் ஆண்டு முதல் உலகளாவிய நடைமுறையில் உள்ளது. தலைக்கு மேலாகத் துள்ளும் பந்தைச் சிறுபிள்ளை செவ்வையாக அடிக்க இயலாது என்பதே இதன் காரணம். அயல்வீட்டுப் பிள்ளை மஞ்சட் பந்திலே ஆடுகிறதே என்று அவசரப்படுதல் தகாது.

அடுத்து, தீர்ப்புக் கூறும் முறையைக் கற்பித்தல் வேண்டும். வலைக்குத் தன் பக்கத்தில் வீழும் பந்துக்கு அப்பக்கத்துப் பிள்ளையே தீர்ப்பாளி. கோட்டை ஒரு மயிரிழையளவு தொட்டாலும் அது நல்ல பந்து. ஐயம் எழுந்தால் அதன் பயன் எதிராளிக்கே உரியது. சேர்விஸ் போடுபவர் ஒவ்வொரு புள்ளிக்கு முன்னும் எண்ணிக்கையை உரக்கச் சொல்லல் வேண்டும். எண்ணிக்கையிற் பிணக்கு ஏற்பட்டாற் பந்தைக் கீழே வைத்துவிட்டு, இருவரும் ஒப்புக்கொண்ட புள்ளிகளை அமைதியாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதிலும் உடன்பாடு வராவிடிற் போட்டி நடுவரை அழைக்கலாம். களத்துக்கு வெளியே நிற்கும் தந்தைக்கோ தாய்க்கோ அங்கே சொல்லுரிமை கிடையாது. இதனைப் போட்டி நாளிற் கற்க முடியாது. வாரத்துக்கொரு முறையேனும், வளர்ந்தோர் எவரும் தலையிடாமல், ஒரு முழு ஆட்டத்தைப் பிள்ளைகள் தாமே நடத்தி முடிக்க விடுங்கள்.

நேரத்தை ஆளவும் பழக்குதல் வேண்டும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்குமிடையே 25 விநாடிகள் உண்டு. தவறிய அடியை நினைத்து வெதும்பும் பிள்ளைக்கு அவ்வேளை பகையாகும்; முதுகைத் திருப்பி, மூச்சை ஆழ இழுத்து, அடுத்த பந்தை எங்கே போடுவது என்று எண்ணும் பிள்ளைக்கு அதுவே நட்பாகும். பக்கம் மாறும்போது 90 விநாடி ஓய்வு கிடைக்கும். ஒவ்வொரு செற்றிலும் முதற் கேம் முடிந்தபின் அவ்வோய்வு இல்லை. நம் நாட்டு வெப்பத்திலே தாகம் எடுக்குமுன்னரே தண்ணீர் அருந்துதல் நன்று.

முன்னைய நாளிற் செய்யத்தக்கவை சில. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, மாற்றுச் சட்டை, இயலுமாயின் இன்னொரு மட்டை ஆகியவற்றைப் பிள்ளையே பையில் அடுக்கட்டும். எடுத்துக்கொடுக்கும் தாய் களத்தினுள்ளே வரமாட்டார் அல்லவா? முதல் ஆட்டத்துக்கு நேரங் குறித்திருப்பர். பின்வருவன முன்னையது முடிந்த பின்னரே தொடங்கும். ஆதலாற் பெருஞ்சோறு உண்டுவிட்டுக் காத்திருத்தல் கூடாது. வாழைப்பழம் போன்ற இலேசான உணவே ஏற்றது. அழைத்த நேரத்துக்கு வாராதவர் ஆட்டத்தை இழக்கவும் நேரிடும்.

இனிப் பெற்றாருக்கு ஒரு கணக்கு. முப்பத்திருவர் சேரும் போட்டியில், தோற்றவர் வெளியேறும் முறைப்படி, முதற் சுற்றிலேயே பதினாறு பிள்ளைகள் வீடு திரும்புவர். முடிவில் முப்பத்தொருவர் தோற்றிருப்பர். ஆகவே தோல்விக்கு ஆயத்தஞ் செய்யாத பெற்றார், பெரும்பாலும் நிகழப்போவதற்கு ஆயத்தஞ் செய்யாதவரே ஆவர். விம்பிள்டனில் எட்டு முறை வென்ற ரொஜர் பெடரர், தாம் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 வீதமானவற்றை வென்றபோதும், ஆடிய புள்ளிகளில் வென்றவை நூற்றுக்கு 54 மாத்திரமே என்று 2024 ஆம் ஆண்டிற் பட்டதாரிகள் முன்னிலையில் எடுத்துரைத்தார். உலகப் பெருவீரரே பாதியளவு புள்ளிகளை இழந்தாரெனில், நம் பிள்ளை இழக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் நாம் முகஞ் சுளித்தல் முறையாகுமா? ஓரக்கண்ணாற் பிள்ளை நம் முகத்தையே பார்க்கின்றது என்பதை மறவாதீர்கள்.

வேறொரு பக்கமும் உண்டு. எட்டுப் பெரும் பட்டங்களை வென்ற அன்ரே அகாசி, 2009 ஆம் ஆண்டு வெளியான தம் வரலாற்று நூலில், தந்தையின் கடும் வற்புறுத்தலினால் இவ்விளையாட்டையே வெறுத்து வளர்ந்ததாக எழுதினார். பட்டம் கிட்டியது, பிள்ளைப்பருவ மகிழ்ச்சி கிட்டவில்லை. பட்டமும் கிட்டாத பிள்ளைகளின் நிலை யாது? பாடசாலைகளிலே நெடுங்காலம் பிள்ளைகளோடு பழகிய எனக்கு ஒன்று தெரியும்: ஆற்றல் குன்றி விளையாட்டைக் கைவிடுவோரிலும், வீட்டாரின் ஏமாற்றத்தைத் தாங்கமாட்டாது கைவிடுவோரே அதிகம்.

ஆட்டத்தின்போது வெளியிலிருந்து ஆலோசனை கூறலாமா என்பது போட்டிக்குப் போட்டி வேறுபடும், முன்னரே கேட்டறியுங்கள். அனுமதி இருப்பினும் அது பயிற்றுநரின் பணி. இரு பிள்ளைகளின் நல்ல அடிகளுக்கும் கைதட்டுவது பெற்றாரின் பணி.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு கைகுலுக்கிவிட்டுப் பிள்ளை வெளியே வரும். அப்போது முதற்கண் வென்றாயா என்று வினவாதீர்கள். அது தானே தெரியவரும். தண்ணீர் கொடுங்கள். வீடு செல்லும் வழியிற் பிள்ளை பேசினாற் கேளுங்கள். பேசாவிடின் நீங்களும் பேசாதிருங்கள். மறுநாட் காலையில், ஐயம் வந்த பந்தை யாருக்குக் கொடுத்தாய் என்று கேளுங்கள். எதிராளிக்குக் கொடுத்தேன் என்று அப்பிள்ளை சொல்லுமானால், அந்தச் சுற்றுப்போட்டிக்கு நீங்கள் செய்த ஆயத்தம் வீண்போகவில்லை.