பல்லுக்கு க்ளிப்... தனித்துறையாக வளர்த்த தம்பதி!

பல்லுக்கு க்ளிப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னால் இன்று யாரும் ஆச்சர்யப்படுவதில்லை. இந்தச் சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்தவர், அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் (1855-1930).

மேல், கீழ் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் விதத்தை வைத்து, 1899-ல் அவர் பிரித்த 3 வகைகளைத்தான் டாக்டர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். 1900-ல் செயின்ட் லூயிஸ் நகரில் இதற்கென்றே பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார்.

அவரிடம் செயலாளராக இருந்த அன்னா ஹாப்கின்ஸ், பல் மருத்துவம் படித்து டாக்டரானார். 1908-ல் இருவருக்கும் திருமணம். அதன்பின் பள்ளியையும் சேர்ந்தே கவனித்தார்கள்.

க்ளிப் போடுவதற்காக ஒரு பல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது என்பதில் ஆங்கிள் பிடிவாதக்காரர். ஆனால், சிலருக்குப் பல்லை எடுத்தால்தான் பலன் நிலைக்கும் என்று பின்னாளில் வாதிட்டவர், அவருடைய மாணவரான சார்லஸ் ட்வீட்!

உங்கள் பிள்ளைக்குப் பல்லை எடுக்கச் சொன்னால், 'ஏன் டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள்.